முற்றத்துச் சிட்டும் முன்னோர் ஏடும்

எம் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி, ஒரு மருதாணிச் செடி நிற்கிறது. பெருநாளுக்கு முந்திய இரவில் மட்டும் வீட்டுப் பெண்மக்கள் அதனை நினைத்துக்கொள்வர். மற்றை நாட்களில் அதனை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த எம் பேத்தி அச்செடியில் ஒரு தேன்சிட்டுக் கூட்டைக் கண்டுபிடித்தாள். சிலந்தி நூலால் பின்னி, மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி, பக்கவாட்டில் ஒரு வாயிலும் அதன்மேல் சிறு இறவாரமும் வைத்து, காற்றில் ஆடும் சுருக்குப்பை போன்று அமைந்த கூடு அது. கைப்பேசியால் நாள்தோறும் அதனைப் படமெடுத்து, ஒரு கோடு போட்ட குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதியும் வந்தாள். ஒரு நாள் மாலை எம்மிடம் வந்து கேட்டாள்:

“நன்னா, முன்னாடி நம்ம வீட்டுல சிட்டுக்குருவி நெறைய இருந்துச்சாமே, நன்னி சொன்னாங்க. அது எப்ப போச்சு?”

நாம் விடை கூறாது நின்றோம். இருந்தன என்பது நன்கு நினைவிருக்கிறது. அன்று எம்முடையது ஓட்டுவீடு. நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். சுவரில் சாய்வாக மாட்டியிருந்த மக்கா மதீனாப் படச் சட்டத்தின் பின்னால் சிட்டுகள் ஆண்டுதோறும் கூடு கட்டும். வைக்கோலும் நாரும் உதிர்ந்து தாழ்வாரமெங்கும் குப்பையாகும். “உள்ளே முட்டை இருக்கும், யாரும் கை வைக்காதீங்க” என்று எம் தாயார் சட்டத்தைத் துடைக்கக்கூட விடமாட்டார்கள். அரிசி புடைக்கும் நேரத்தில் சுளகின் அருகிலேயே வந்து குருணை பொறுக்கும் அக்குருவிகளை விரட்டியது மட்டும் எமக்குத் தெரியும். அவை எந்த ஆண்டு வந்தன, எத்தனை இணைகள் இருந்தன, எந்த ஆண்டோடு வராமற் போயின? ஒன்றும் தெரியாது. பாட்டனார் காலத்து வரவு செலவு ஏடுகளெல்லாம் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உயிர்களைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன், இதே சிட்டுக்குருவியைப் பற்றிச் சில வரிகள் எழுதி வைத்த ஒரு பிள்ளையின் கதையை இங்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் தாயும் தந்தையும் அற்ற ஒரு சிறுவன் தன் மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்துவந்தான். 1896 நவம்பர் 12ஆம் நாள் பிறந்தவன். தந்தை இறந்தபோது அவனுக்கு வயது ஒன்று. தாய் இறந்தபோது மூன்று. பிள்ளைகள் நிறைந்த அந்தப் பெருங்குடும்பத்தில் மாமாவும், மாமி ஹமீதா பேகமும் அவனைத் தம் பிள்ளையாகவே வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். ஆகவே சிறுவன் கையிலும் காற்றுத்துப்பாக்கி ஒன்று இருந்தது.

குதிரைக் கொட்டிலின் சுவரில் ஒரு பொந்து. அதற்கருகில் ஓர் ஆணி. பொந்தினுள் பெண்குருவி அடைகாக்க, ஆண்குருவி ஆணியின்மேல் அமர்ந்து காவல் புரிந்தது. சிறுவன் வண்டியின் பின்னால் மறைந்திருந்து ஆணைச் சுட்டான். சிறிது நேரத்திற்கெல்லாம் வேறோர் ஆண்குருவி அதே ஆணியில் வந்து உட்கார்ந்தது. அதனையும் சுட்டான். மீண்டும் ஒன்று வந்தது. இவ்வாறு 7 நாட்களில் 8 ஆண்குருவிகள் அந்த ஓர் ஆணியிலிருந்தே விழுந்தன. இதனையெல்லாம் அவன் ஒரு குறிப்பாக எழுதி வைத்தான். 1906-07ஆம் ஆண்டுக் குறிப்பு அது. எழுதியவனுக்கு அப்போது வயது பத்து.

அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றிய பறவையியல் அறிஞர் டாக்டர் சாலிம் அலி. அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் குறிப்பு, ஜாபர் புத்தேஹல்லி நடத்திவந்த பறவை நோக்குவோர் செய்திமடலில் ஏறக்குறைய எழுதியவாறே அச்சேறியது. சிறுபிள்ளையின் வேட்டைப் பெருமிதம் அறிவியல் செய்தியானது எங்ஙனம்? கணவனை இழந்த பெண்குருவி உடனுக்குடன் வேறு துணையைப் பெறுகிறதெனின், கூடும் துணையும் கிட்டாத ஆண்குருவிகள் அக்கம்பக்கத்தில் காத்திருந்தன என்பது தெளிவாகிறது. எழுதியபோது அவன் இதனை எண்ணியிருக்கமாட்டான். கண்டதை எண்ணிக்கையோடு எழுதினான்; அவ்வளவுதான். பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

எட்டுக் குருவிகள் வீணாய் மடிந்தனவே என்று வாசகர் நெஞ்சு வருந்தக்கூடும். எமக்கும் அவ்வருத்தம் உண்டு. பறவைகளைப் பாதுகாக்கக் கடைசிவரை பாடுபட்ட அப்பெருமகன், ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுடுவதை ஒருபோதும் முற்றாகக் கைவிட்டவர் அல்லர். உள்ளதை உள்ளபடி சொல்வதே வரலாறு எழுதுவோர்க்கு அழகு.

அடுத்த திருப்பமும் ஒரு குருவியாலேயே வந்தது. அவன் சுட்ட குருவிகளுள் ஒன்றன் கழுத்தில் மஞ்சள் கறை போன்ற ஓர் அடையாளம் இருந்தது. இஃதென்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு, 1908ஆம் ஆண்டில், சிறுவன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான். 1883இல் நிறுவப்பெற்ற அக்கழகத்தின் கௌரவச் செயலர் டபிள்யூ.எஸ். மில்லர்டு என்னும் ஆங்கிலேயர். இறந்த குருவியைக் கையிலேந்தி நடுங்கி நின்ற பிள்ளையை அவர் கடிந்துகொள்ளவில்லை. இது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைப் பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். 1985இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே சாலிம் அலி அதற்குச் சூட்டினார்.

அவருடைய பெருமைகள் பலவும் பள்ளிப் பாடநூல்களில் வந்துவிட்டன. 1941இல் வெளியான இந்தியப் பறவைகள் நூல், தில்லன் ரிப்ளேயுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகள், 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமனம் என்று அவை நீளும். நம் கோடிக்கரையில் அவரும் அவர் கழகத்தாரும் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்ததும், அவர் 1987இல் மறைந்தபின் 1990இல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு நிலையம் எழுந்ததும் தமிழ்நாட்டுக்குரிய செய்திகள். இவற்றை இத்துடன் நிறுத்தி, யாவரினும் நமக்கு நெருக்கமான ஒரு காலத்தை, அதாவது அவர் வேலையின்றி இருந்த காலத்தைப் பார்ப்போம்.

பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக இருந்தவர், விடுப்பில் ஜெர்மனி சென்று பெர்லினில் பேராசிரியர் ஸ்திரெசமானிடம் பறவையியல் பயின்றார். 1930இல் நாடு திரும்பியபோது அவரது பதவி நிதிநெருக்கடியால் நீக்கப்பட்டிருந்தது. படிப்பு இருந்தது, பிழைப்பு இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில், அலிபாகுக்கு அருகிலுள்ள கிஹீம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். வேறொருவராயின் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். சாலிம் அலியோ வீட்டின் அருகே ஒரு மரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளை நோக்கி உட்கார்ந்தார்.

தூக்கணாங்குருவியை அறியாத தமிழர் உண்டா? வயல்வெளிக் கிணற்றுக்குமேல் தொங்கும் பனையோலையில் அதன் கூட்டைக் கண்டிருக்கிறோம். கூட்டினுள் அப்பிய களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்ற கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டும் இருக்கிறோம். களிமண் அப்புவது மெய்யே, விளக்குத்தான் கதை. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அக்கூட்டைப் பார்த்தோம். அருகிருந்து அதன் குடித்தனத்தைப் பார்த்தவர் அரியர். சாலிம் அலி பார்த்தார். கூடு கட்டுவது ஆண்பறவை. பாதி கட்டியதும், கவிழ்த்த தலைக்கவசம் போன்ற நிலையில், பெண்பறவைகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒரு பெண் ஒப்பினால் ஆண் அதனுடன் கூடி, நீண்ட குழல்வாயில் வைத்துக் கூட்டை முடிக்கிறது. உடனே பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்குகிறது, இன்னொரு பெண்ணுக்காக! ஒப்புவாரின்றிக் கைவிடப்பட்ட அரைகுறைக் கூடுகளும் பல. 1931இல் கழக இதழில் வெளியான அக்கட்டுரையே உலகப் பறவையியலாரிடையே அவர் பெயரை நிலைநாட்டியது. வேலை போனதால் கிடைத்த புகழ் என்று இதனைச் சொல்லலாம் போலும்.

தையப்ஜி குடும்பத்தாரிடம் இருந்த ஒரு வழக்கத்தை இங்குக் குறிப்பிட விரும்புகிறோம். வீட்டில் ஒரு பெரிய ஏடு இருக்கும். ‘அக்பார்’ என்று அதனை அழைப்பர். செய்தி என்பது பொருள். குடும்பத்தார் எவரும், ஆணும் பெண்ணும் அதில் பெரும்பாலும் உருது மொழியில் எழுதலாம். வந்த விருந்தினரும் எழுதுவதுண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய இவ்வழக்கத்தால் அக்குடும்பத்தின் அன்றாட வாழ்வு ஏட்டில் நிலைத்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளை குருவியைச் சுட்டுவிட்டுக் குறிப்பும் எழுதினான் என்றால், எழுதுவதை இயல்பான வேலையாகக் கருதிய வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

சாலிம் அலி பறவைகளோடு நில்லாமல் பழைய ஏடுகளையும் புரட்டினார். முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆர்வலர்களாகவும் வேட்டையாளர்களாகவும் காட்டும் நீண்ட கட்டுரையொன்றை 1927-28இல் கழக இதழில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். கோட்டை கொத்தளங்களையும் படையெடுப்புகளையும் மட்டுமே வரலாறெனப் படித்த நமக்கு அது ஒரு புதுச் சாளரத்தைத் திறந்துவிடுகிறது.

1526இல் பானிபட்டில் வென்ற பாபர் பாதுஷா, புதிதாய் வந்த நாட்டின் உயிரினங்களையும் செடிகொடிகளையும் தம் நினைவேட்டில் வரிசையாக எழுதினார். யானையும் காண்டாமிருகமும் அதில் இருப்பது வியப்பன்று. மரத்தில் ஓடும் அணிலும், மைனாவும், மாமரமும், வாழையும், தாழையும், அரளியும் இருப்பதே வியப்பு. செம்பருத்தியின் நடுவிலிருந்து இன்னொரு சிறு பூப்போல் எழும் தண்டினைக் கூர்ந்து நோக்கி, ஒரே நாளில் பூ வாடிவிடுவதையும் குறித்திருக்கிறார். இந்நாட்டுத் தவளைகள் தண்ணீரின் மேற்பரப்பிலேயே ஆறேழு கெஜம் ஓடுகின்றன என்றும் ஓரிடத்தில் எழுதுகிறார். நம் ஊர்க் குளக்கரையில் கால்வைத்த மாத்திரத்தில் நீர்மேல் தத்தித் தத்திப் பாயும் தவளையைக் காணாதவர் யார்? நமக்கு அது அன்றாடக் காட்சி, ஆதலின் எழுதவில்லை. பர்கானாவிலிருந்து வந்தவருக்குப் புதுக்காட்சி, எழுதிவிட்டார். அயலார் கண்ணால் நம் குளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது!

பாபரின் கொள்ளுப்பேரர் ஜஹாங்கீர். 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து வான்கோழி முதலிய புதுமைகளைக் கொணர்ந்தபோது அவர் ஒரு கருத்தை எழுதினார். பாபர் பாதுஷா விலங்குகளை எழுத்தில் வருணித்தார். ஓவியரைக்கொண்டு அவற்றை வரையச் செய்தாரில்லை. நாமோ எழுதுவதோடு வரையவும் ஆணையிட்டோம், படிப்போர் கேட்டு வியப்பதினும் கண்டு வியப்பது மிகுதியாகும் என்பது அதன் சாரம். படமெடுப்போர் யாவரும் இன்றளவும் கூறும் காரணம் இதுவேயன்றோ? உஸ்தாத் மன்சூரின் தூரிகை அவருக்குக் கண்ணாயிற்று. 1620இல் காஷ்மீரின் மலர்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மன்சூர் வரைந்ததாக ஜஹாங்கீரே குறிக்கிறார்.

எனினும் எம்மைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. ஜஹாங்கீர் இரண்டு சாரசக் கொக்குகளைக் குஞ்சிலிருந்தே வளர்த்தார்; லைலா, மஜ்னூன் என்று பெயரும் இட்டார். 1618இல் குஜராத்தில் தங்கியிருந்தபோது அவை இணைகூடும் செய்தி கிடைக்க, விடியற்காலையில் தாமே சென்று பார்த்து எழுதினார். பெண் முட்டையிட்டதும், இரவெல்லாம் அது அடைகாக்க ஆண் காவல் நின்றதும், காலையில் ஆண் வந்து அலகால் பெண்ணின் முதுகை மெல்ல வருடி எழுப்பித் தான் அமர்ந்ததும் நாட்குறிப்பாகவே வருகின்றன. பேரரசின் வழக்குகளும் வரவுகளும் காத்துக் கிடக்க, ஒரு பாதுஷா கொக்குகளின் இல்லறத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவரே மற்றோரிடத்தில், பன்னிரண்டாம் வயது முதல் வேட்டையில் வீழ்ந்த உயிர்களைக் கணக்கெடுக்கச் செய்து, 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் கொன்றவை 17,167 என்றும் பதிவு செய்கிறார். ஒரே மனிதர், ஒரே ஏடு. கொட்டிலில் எட்டுக் குருவிகளைச் சுட்ட பிள்ளையின் கணக்கை இதனோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் பின்னே சென்றால் பஸரா நகரம் வருகிறது. ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 868-869இல் அங்கு மறைந்த அல்ஜாஹிஸ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் விலங்கு நூலை ஏழு பாகங்களில் இயற்றினார். அதன் தொடக்கத்தில் சிங்கமும் புலியும் கர்ச்சிக்கும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறுவர். நாயும் சேவலும்! தெருவில் திரியும் இவ்விரண்டில் எது சிறந்தது என்ற நெடிய வாதம் முதலிரு பாகங்களை நிரப்புகிறது. ஈயைப் பற்றியும் அவர் எழுதினார். பஸராவில் அப்துல்லாஹ் இப்னு ஸவ்வார் என்றொரு காஜி. நீதிபீடத்தில் அமர்ந்தால் கல்லில் செதுக்கினாற்போல் அசையாதிருப்பார். ஒரு நாள் ஓர் ஈ அவர் மூக்கில் அமர்ந்து, பின் கண்ணோரத்துக்கு நகர்ந்தது. பொறுத்தார், இமைத்தார், இன்னும் பொறுத்தார். ஈ விடவில்லை. கடைசியில் சபையார் அனைவரும் காணக் கையால் விரட்டினார்; மீண்டும் வந்தது; ஆடை நுனியால் விரட்டினார். பின்னர், இறைவனின் மிக நலிந்த படைப்பு தம்மை வென்றதென்று ஒப்புக்கொண்டு, ஈயைக் குறித்த திருவசனத்தை ஓதினார். அல்ஹஜ் அத்தியாயத்தின் 73ஆவது வசனம் அது.

அதே பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்தவர் இப்னுல் ஹைதம். ஒளியியலின் தந்தை என்று அறியப்படுபவர். கிரகணத்தின்போது சிறு துளை வழியாக விழும் சூரிய ஒளி பிறை வடிவில் தோன்றுவதேன் என்பதை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். இருட்டறை, சிறு துளை, எதிரே தலைகீழான பிம்பம்: நிழற்படக் கருவியின் அடிப்படை இதில் அடங்கியிருக்கிறது. இதனைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் கங்கண கிரகணம் தோன்றிய காலைவேளையில், எம் தெரு வேப்பமரத்து இலையிடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, தரையெங்கும் பிறை பிறையாக ஒளி சிதறிக் கிடந்தது. கிரகணத் தொழுகை முடிந்து வந்தவர்களில் சிலர் அதனை மிதித்துச் சென்றனர். சிலர் நின்று பார்த்தனர். நாம் நின்றோம், படமெடுக்கத் தோன்றவில்லை.

நிழற்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபின்னும், காட்டுயிர்களைப் படமெடுக்க அரை நூற்றாண்டு பிடித்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயர்க் குடியானவர் ஒருவரின் மக்களான ரிச்சர்டு கியர்ட்டனும் செர்ரி கியர்ட்டனும் 1892இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தனர். 1895இல் அத்தகைய படங்களாலேயே ஆன நூலை வெளியிட்டனர். பறவைகள் அஞ்சாதிருக்க, உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து அதன் வயிற்றுக்குள் கருவியுடன் ஒளிந்திருந்தார்களாம்! அன்று புகழ்பெற்ற வேட்டைப் படங்களுக்கு நடுவே அவர்கள் காட்டியவை வேலியோரத்துக் கூடுகள்.

உருவப்படம் கூடுமா கூடாதா என்னும் வாதத்துள் நாம் இங்கே நுழையவில்லை. அது மார்க்க அறிஞர்கள் ஆய்ந்துரைக்க வேண்டியது. துப்பாக்கி வேண்டும் பொறுமை அத்தனையையும் நிழற்படக் கருவியும் வேண்டுகிறது, ஆனால் முடிவில் குருவி ஆணியின்மேல் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி அமைகிறோம்.

சாலிம் அலியின் பயணங்களில் அவ்வாறு கருவியேந்தி உடன் சென்றவர் லோக் வான் தோ. சிங்கப்பூரின் பெருஞ்செல்வர், திரையரங்குகளின் அதிபர். 1942இல் ஜப்பானியப் படைக்குத் தப்பி இந்தியா வந்தவருக்குச் சாலிம் அலியின் நட்பு கிட்டியது. 1964இல் தைவானில் விமான விபத்தில் இறக்கும்வரை அந்நட்பு நீடித்தது.

நம் தமிழ் மண்ணுக்கு உரியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார், 1912இல் பிறந்தவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துக்கொண்ட கனத்த கருவியொன்றைச் சுமந்து, கறுப்பு வெள்ளையிலேயே கடைசிவரை படமெடுத்தார். அவருடைய யானைப் படங்களைப் புகழாதாரில்லை. நாம் புகழ விரும்புவது அவரது விடாமையை. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரி 18 அன்று மறையும்வரை, ஏறத்தாழ 46 ஆண்டுகள் எழுதினார். சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த அவருக்குக் காடு சென்றால்தான் எழுதப் பொருள் கிடைக்கும் என்ற நிலை இல்லை. காகமும் அணிலும் ஓணானும் கீரியும் வீட்டுச் சுவரோரத்திலேயே இருந்தன. இவற்றைத் தமிழிலும் அவர் எழுதினார் என்பதைத் தமிழர் பலர் அவர் மறைந்தபின்னரே அறிந்தனர்.

மீண்டும் எம் பேத்தியின் கேள்விக்கு வருவோம். சிட்டுக்குருவி எப்போது போயிற்று?

நாட்டில் பலரும் இதே கேள்வியைக் கேட்டனர். நாசிக்கைச் சேர்ந்த முஹம்மது திலாவர் என்பாரின் முயற்சியால் 2010 முதல் மார்ச் 20ஆம் நாள் சிட்டுக்குருவிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கைப்பேசிக் கோபுரங்கள்தாம் குருவிகளைக் கொன்றன என்ற பேச்சும் ஊரெங்கும் பரவிற்று, அது மெய்ப்பிக்கப்பட்டதில்லை. 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்து ஓர் அறிக்கை வந்தது. ஏறத்தாழ 15,500 பேர் தத்தம் ஊரிலும் தோட்டத்திலும் வயல்வெளியிலும் கண்ட பறவைகளைத் தேதியிட்டு எண்ணி அனுப்பிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளே அதற்கு அடிப்படை. அவர்களுட் பலர் நம்மைப் போன்ற எளிய மக்களே. 2015 முதல் நம் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணிவருவோரும் அவ்வகையினரே. அறிக்கை கூறியது இது: நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி கடந்த 25 ஆண்டுகளில் பெரிதும் குறைந்துவிடவில்லை, பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. சென்னை அவற்றுள் ஒன்று, பம்பாயும் ஒன்று. கொட்டிலின் ஆணிக்கு ஒன்றன்பின் ஒன்றாய் எட்டு ஆண்குருவிகள் போட்டியிட்ட அதே பம்பாய்!

இவ்விடை நாட்டுக்குப் போதும். எம் பேத்திக்குப் போதவில்லை. அவள் கேட்டது எம் வீட்டைப் பற்றி. 1989இல் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காரை வீடு கட்டினோம். முற்றத்தின்மேல் தளம் போட்டோம். மக்கா மதீனாப் படம் மீண்டும் மாட்டப்பட்டது, இம்முறை சுவரோடு ஒட்டி, சாய்வின்றி, அழகாக. அப்போது குருவிகள் இருந்தனவா, அதற்கு முன்பே போய்விட்டனவா? மனைவியைக் கேட்டோம், இருந்தன என்றார். தம்பியைக் கேட்டோம், அதற்கு வெகுநாள் முன்பே இல்லை என்றார். ஒரே வீட்டில் வாழ்ந்த இருவர் சாட்சியம் இவ்வாறு மாறுபட்டது.

பேத்தி விடவில்லை. பெட்டகத்தின் அடியிலிருந்த பழைய நிழற்படங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். எல்லாம் மனிதர்கள், மாப்பிள்ளைகள், சுன்னத்துப் பிள்ளைகள், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள். தாழ்வாரத்தில் எடுத்த ஒரு படத்தில், எம் மூத்த சகோதரரின் நிக்காஹ் நாளில், மாலையணிந்த மாப்பிள்ளையைச் சூழ உறவினர் பதினொருவர் நிற்கின்றனர். அவர்கள் தலைக்குமேல் சுவரில் அந்தப் படச் சட்டம். அதன் கீழ் விளிம்பிலிருந்து நீண்டதொரு வைக்கோல் தொங்குகிறது. இத்தனை ஆண்டுகள் அப்படத்தைப் பார்த்திருக்கிறோம். எவர் இருக்கிறார், எவர் மௌத்தாகிவிட்டார் என்று எண்ணியிருக்கிறோம். வைக்கோலை அன்றுதான் கண்டோம். படத்தைத் திருப்பினால், பின்புறத்தில் அத்தாவின் கையெழுத்து, ஊதா மையில்: ரஜப் மாதப் பிறையும், 1974 என்ற ஆண்டும்.

பேத்தி கைப்பேசியால் அதனை, முன்னும் பின்னுமாக, இரண்டு படம் எடுத்துக்கொண்டாள். வீடு கட்டி முடித்த ஆண்டில் எடுத்த படத்தையும் தேடி எடுத்தாள். அதில் சுவர் வெறுமையாக இருந்தது. பிறகு குறிப்பேட்டில் எழுதினாள்: ‘சிட்டுக்குருவி. 1974இல் இருந்தது. 1989இல் படத்தில் இல்லை. நடுவில் தெரியாது.’

அதற்கு அடுத்த வரியில் மருதாணிச் செடியின் கூடு காலியான நாள் இருக்கிறது. குஞ்சுகள் இரண்டு. ஒன்று காலை 7 மணிக்குப் பறந்தது. மற்றது அஸருக்குப் பின்.